எண்பத்தெட்டின் இரண்டாவது ஸ்லைடு

22.10.2007, திங்கள்

விடியலிலிருந்து மழை. லாஸ்பேட்டை முழுக்கத் தண்ணீர். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அவர் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அதே ஆட்டோவில் தன் ஆபீசுக்கு.

லேபில் புது வேலை. எங்கள் திசுப் பிரிவு மாடிக்கு மாறப்போகிறது. தொண்ணூறுக்கு முந்திய ஸ்லைடுகளைக் கழித்துவிடச் சொல்லி உத்தரவு. பின்னறையில் மரத்தட்டுகள் கூரை வரை. நானும் கலாவும் (எனக்குப் பத்து வருஷம் ஜூனியர், வாய் ஓயாது) முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறக்கினோம். பாதி ஸ்லைடுகளில் என் கையெழுத்து. மீதிப் பாதி செலினுடையது. ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு வேலை ஓடவில்லை. 82-இல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். 91-இல் கல்யாணமாகி பாரீஸ் பக்கம் போய்விட்டாள்.

ரத்தப்போக்கு இன்று பதினேழாம் நாள். நிற்கவில்லை. போன தடவை பன்னிரண்டு, அதற்கு முன் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. கலா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்க்கா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கீங்க? நாளைக்கே டாக்டர பாக்கறீங்க. இல்லன்னா நான் மாமாவுக்கு போன் போட்டுடுவேன்."

வாங்க: நாப்கின் பெரிய பாக்கெட் 2, முருங்கைக்கீரை, பேரீச்சை, நிவிக்கு ரெக்கார்டு நோட்டு.

24.10, புதன்

மழை விட்டு வெயில். மகப்பேறு டாக்டரிடம் போனேன். ஸ்கேன். கருப்பையின் உள்படலம் பதினெட்டு மில்லிமீட்டர்.

"லேப்ல இருக்கறவங்க நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"மத்தவங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்லுங்க டாக்டர்."

சொன்னார். நாற்பத்தாறு வயதில் மாதாமாதம் முட்டை வராது. முட்டை வந்தால்தான் புரொஜெஸ்டிரோன் சுரக்கும். அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தால் படலம் வளரும், மேலும் வளரும். போதும் என்று சொல்ல ஆள் கிடையாது. ஒரு கட்டத்தில் தாங்காமல் அங்கங்கே உதிரும். அதனால்தான் நிற்காத ரத்தம்.

"சுரண்டி எடுத்துப் பாத்துடலாம். கேன்சர்னு நான் சொல்லல. இல்லன்னும் பாக்காம சொல்ல முடியாது."

வெளியே வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "எனக்கு கர்ப்பப்பையவே எடுத்துப் போட்டுட்டாங்க. நிம்மதி. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போவ நாள் பாக்க வேணாம் பாரு."

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "சரி, பண்ணிக்குவோம்" என்றார். பிறகு மோர் கேட்டார்.

26.10, வெள்ளி

டி அண்ட் சி, அந்தச் சுரண்டல், முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் கையில் சின்ன பாட்டில். ஃபார்மலினில் சாம்பல் நிறத் துணுக்குகள், ஊறிய அவல் மாதிரி. இருபத்தைந்து வருஷமாக இந்த மாதிரி பாட்டில்களை வாங்கி நம்பர் போட்டவள் நான். என் பெயரை அதில் படித்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தது. வசந்தா, 46.

நிவி கல்லூரியிலிருந்து நேரே அம்மாவைப் பார்க்க வந்துவிட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். பாதியை அவளே தின்றாள்.

27.10, சனி

லீவு. படுக்கை. திரும்ப மழை. வேறு வேலையில்லை, பழசெல்லாம் ஞாபகம்.

செலினும் நானும் ஆடிய ஆட்டம். கருப்பைச் சுரண்டல் எது வந்தாலும், டாக்டர் எழுதிய சீட்டைப் பார்க்காமல் ஸ்லைடை மட்டும் பார்த்து அந்தப் பெண்ணுக்கு மாதத்தின் எத்தனாவது நாள் என்று சொல்ல வேண்டும். பிறகுதான் சீட்டைப் புரட்டுவது. தோற்றவள் டீ வாங்கி வரணும்.

பதினான்கு வரை ஈஸ்ட்ரோஜன் ராஜ்ஜியம். சுரப்பிகள் நேர்நேராக, ஸ்ட்ரா மாதிரி. செல்கள் பிரிந்து பிரிந்து பெருகும், அவ்வளவுதான். அந்த நாட்களைச் சொல்வது கஷ்டம், எல்லாம் ஒரே முகம். முட்டை வெளியே வந்த பிறகு புரொஜெஸ்டிரோன் வந்து ஒவ்வொரு நாளுக்கும் தனி முகம் கொடுக்கும். பதினேழாம் நாள் பொய்யே சொல்லாது. ஒவ்வொரு செல்லிலும் உட்கருவுக்கு அடியில் ஒரு வெள்ளைக் குமிழ், வரிசை பிசகாமல்.

"பூசைக்கு வந்துட்டாங்கடி கன்யாஸ்திரீங்க!" என்பாள் செலின். வெள்ளை அங்கியில் வரிசையாக நிற்கிறார்களாம்.

இருபதில் அந்தக் குமிழ் மேலே ஏறிக் குழாய்க்குள் சாறாக வழியும். கரு வந்தால் அதற்குத் தீனி. இருபத்து மூன்றில் ரத்தக் குழாய்கள் சுருண்டு தலைதூக்கும், சுரப்பிகளின் ஓரம் ரம்பப் பல் போல ஆகும். கரு வரவில்லையென்றால் புரொஜெஸ்டிரோன் வற்றும். இருபத்தாறில் வெள்ளணுக்கள் உள்ளே நுழையும். சுருள் குழாய்கள் இறுகும். அப்புறம் எல்லாம் உதிர்வு, திரும்ப முதல் நாள்.

எத்தனை டீ. பெரும்பாலும் நான்தான் வாங்கினேன்.

அவள் வீட்டுக் கோழிக் குழம்பு. கூட சோறு வராது, நீள ரொட்டிதான் வரும். அவள் அம்மாவை "மமான்" என்று கூப்பிடுவாள். அந்த மமான் என்னை "மா ஃபீய்" என்பார். என் பெண்ணே என்று அர்த்தம். என்னை அப்படிக் கூப்பிட அந்தக் காலத்தில் வேறு ஆள் இல்லை.

28.10, ஞாயிறு

எழுதியே விடுகிறேன்.

84-இல் கல்யாணம். 88 வரை குழந்தை இல்லை. வில்லியனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் மாதம் ஒரு முறை வந்து போவார். வந்ததும் முதல் கேள்வி, "குளிச்சிட்டியா இந்த மாசமும்?" தன் பிள்ளைக்கு இன்னொரு பெண் பார்த்து வைத்திருந்தார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் அப்போது வலித்தது.

பிப்ரவரியில் முதல் சுரண்டல், இருபத்து நான்காம் நாள். என் துணுக்கை செலின்தான் வெட்டினாள். அன்று சாயங்காலம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"முட்டை வரலடி. இருபத்து நாலாம் நாளும் ஸ்ட்ரா மாதிரியே நிக்குது. ஆனா படலம் நல்லா வளந்திருக்கு. பாதி வேலை நடக்குது, பாதிதான் நடக்கல. அதுக்கு மாத்திரை இருக்குது. உன் மாமியார் சொல்ற பேரெல்லாம் உனக்கு ஒட்டாது."

மாத்திரை சாப்பிட்டேன். மார்ச், ஏப்ரல், மே. ஒன்றுமில்லை. ஜூனில் இரண்டாவது சுரண்டல். அதற்கு முதல் நாளே செலினிடம் சொல்லிவிட்டேன், இதோடு மாத்திரையை நிறுத்துகிறேன், அவர் இன்னொன்று கட்டிக்கொள்ளட்டும், நான் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று.

மூன்று நாள் கழித்து வராந்தாவில் ஓடிவந்தாள். "வந்துடுச்சுடி! லேட்டா வந்திருக்குது, ஆனா வந்துடுச்சு!" கையைப் பிடித்து இழுத்துப்போய் மைக்ரோஸ்கோப் முன் உட்கார வைத்தாள். ஸ்லைடு ஏற்கெனவே மாட்டியிருந்தது. பார்த்தேன். கன்யாஸ்திரீகள். வரிசையாக. என்னுடையவர்கள்.

அழுதுகொண்டே டீ வாங்கி வந்தேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். நவம்பரில் நாள் தள்ளிப்போனது. 89 ஜூலையில் நிவி.

29.10, திங்கள்

வேலைக்குப் போய்விட்டேன். கலா என் துணுக்குகள் பதித்த மெழுகுக் கட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

"நான் வெட்டறேன்க்கா. நீங்க வேணாம்."

"குடுடி. என்னுதுதானே."

நானே வெட்டினேன். மெழுகு ரிப்பன் வெந்நீரில் விரிந்து மிதந்தது. ஸ்லைடில் ஏந்தி எடுத்தேன். கலா பக்கத்திலேயே நின்றாள். அவள் பேசாமல் நின்று இன்றுதான் பார்க்கிறேன்.

30.10, செவ்வாய்

சாயம் ஏற்றியாயிற்று. டாக்டரம்மா (எங்கள் லேபின் தலைவி, ஸ்லைடைப் படித்து ரிப்போர்ட் தருபவர்) வருவதற்கு முன் பார்த்துவிட்டேன். டெக்னீஷியன் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. முடிவு சொல்லவில்லை, பார்த்தேன்.

நெருக்கமான சுரப்பிகள். சில பெரிதாக வீங்கி, சில சின்னதாக. கன்யாஸ்திரீகள் யாரும் இல்லை. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓரத்தில் ஒரு இடத்தில் சுரப்பிகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. செல்கள் கருத்துத் தெரிகின்றன. வெட்டு சாய்வாக விழுந்ததாலா, இல்லை நிஜமாகவே கேன்சரின் தொடக்கமா. தெரியவில்லை. பல பேருடைய ஸ்லைடில் இந்த மாதிரி இடத்தைப் பார்த்துவிட்டு, ட்ரேயில் அடுக்கிவிட்டு, சாப்பிடப் போயிருக்கிறேன்.

இன்று சாப்பிடவில்லை.

31.10, புதன்

டாக்டரம்மா கூப்பிட்டார். "வசந்தா, அந்த எடத்துல இன்னும் ஆழமா ஒரு அஞ்சாறு செக்‌ஷன் வேணும். இப்பவே பயப்படாதீங்க." கலாவை வெட்டச் சொல்லிவிட்டேன்.

உட்கார முடியவில்லை. பின்னறைக்குப் போனேன். 88-இன் தட்டுகள் இன்னும் கழிக்கப்படவில்லை. ஜூன் ஸ்லைடை ஒரு தடவை பார்க்கணும் என்று தோன்றியது. அந்த வயதை, அந்த வரிசையை. என் இரண்டு சீட்டுகளின் நம்பரும் பழைய ஃபைலில் இருந்தன. பிப்ரவரி கிடைத்தது. ஜூனும் கிடைத்தது. செலினின் கோடு போட்ட ஏழு. சாயம் வெளுத்திருந்தாலும் நன்றாகவே தெரிந்தது.

ஸ்ட்ராக்கள்.

நேர்நேராக. மூலை முடுக்கெல்லாம் நகர்த்திப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை. நம்பரைத் திரும்பச் சரிபார்த்தேன். என்னுடையதுதான். ஜூன் 88-இல் எனக்கு முட்டை வரவே இல்லை.

அன்று நான் பார்த்தது வேறு யாருடையதோ. லேபிளை நான் பார்க்கவில்லை. செலின் மாட்டி வைத்த ஸ்லைடு, நான் ஏன் லேபிளைப் பார்க்க வேண்டும்?

டாக்டர் ஏன் அளவைக் கூட்டினார் என்று அன்று கேட்டிருக்கலாம். வந்துவிட்டதே, பிறகு எதற்குக் கூட்ட வேண்டும் என்று. கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

2.11, வெள்ளி

கல்லறைத் திருநாள். மமான் இறந்து ஆறு வருஷம். செலின் அங்கே, அதனால் வருஷா வருஷம் நான்தான். பெரிய மார்க்கெட்டில் சாமந்தி, மெழுகுவர்த்தி. பூக்காரம்மா: "நீங்க வேதக்காரங்களாம்மா?" இல்லை என்றேன். "பின்ன?" "சிநேகிதியோட அம்மா."

மழை தூறியது. மெழுகுவர்த்தி நான்கு தடவை அணைந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். உள்ளே கோபம். உங்கள் பெண் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கல்லைப் பார்த்துச் சொன்னேன், வாயைத் திறந்தே. பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஸ்லைடை நினைத்துத்தான் மாமியார் முன்னால் முதல் தடவை தலைநிமிர்ந்தேன். "எனக்கு முட்ட வந்துடுச்சு அத்த, நானே கண்ணால பாத்தேன்" என்றேன். அவர் முகம் இன்னும் ஞாபகம். அது பொய்யா.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

4.11, ஞாயிறு

செலின் போன். மாதத்தின் முதல் ஞாயிறு அவளுடையது. மமானுக்குப் பூ வைத்ததைச் சொன்னேன். என் விஷயத்தையும் சொன்னேன். "மோன் தியே" என்றாள், ஐயோ கடவுளே என்று பிரெஞ்சில்.

"88 ஜூன் ஸ்லைடப் பாத்தேன்" என்றேன்.

"எந்த ஸ்லைடு?"

"என்னுது. நீ காட்டாதது."

பின்னால் அவள் வீட்டில் ஏதோ டிவி.

"நீ மாத்திரைய நிறுத்தறேன்னு சொன்னடி. துணியெல்லாம் மூட்டை கட்டிட்டேன்னு சொன்ன. நான் வேற என்ன பண்ணுவேன்?"

"கேட்டிருக்கலாம் இல்ல. இன்னும் ரெண்டு மாசம் சாப்புடுடின்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. மூணு தரம் சொன்னேன். நீ கேக்கல. உனக்கு கண்ணால பாத்தாதான் நம்பிக்கை, நம்ம ரெண்டு பேருக்குமே அப்பிடித்தான். அதான் காட்டினேன்."

"யாரோட ஸ்லைடு அது?"

"அரியாங்குப்பத்துல ஒரு பொம்பளை. பேரு மறந்துட்டேன். அதே வாரம் வந்தது." கொஞ்சம் நிறுத்தி, "நிவி பொறந்த அன்னிக்கு சொல்லிடலாம்னு வந்தேன். உன் மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வரல. அப்புறம் சொல்லவே வரல."

எனக்குத் திட்ட வேண்டியது நிறைய இருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்கு. மைக்ரோஸ்கோப்பைத் தொட்டுப் பதினாறு வருஷம் ஆகிறதாம். "இப்ப காட்டினா எத்தனாவது நாள்னு எனக்கு சொல்லத் தெரியாதுடி" என்றாள்.

"தெரியும். உனக்குத் தெரியாம போவாது."

ரிப்போர்ட் வந்ததும் போன் செய்யச் சொன்னாள். எந்நேரமானாலும்.

5.11, திங்கள்

டாக்டரம்மா கதவருகே நின்று கையசைத்துக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, ஆனாலும் உட்கார்ந்து கேட்டேன். மிகை வளர்ச்சி மட்டும். செல்களில் கோளாறு இல்லை. ஓரத்து இடம் சாய்வு வெட்டுதான். கேன்சர் இல்லை.

கலா வராந்தாவிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாய்வா வெட்டினது நீங்கதான்க்கா, நான் வெட்டியிருந்தா இந்த பயமே வந்திருக்காது!"

உண்மைதான்.

மகப்பேறு டாக்டர் இரண்டு வழி சொன்னார். கருப்பையை எடுத்துவிடலாம். அல்லது உடம்பு தராத புரொஜெஸ்டிரோனை மாத்திரையாக மாதம் பதினான்கு நாள் கொடுத்துப் பார்க்கலாம். நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் படலம் ஒழுங்காக, முழுசாக உதிரும். நாலு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பச் சோதனை. யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிக்கவில்லை. மாத்திரை என்றேன். இன்றே முதல் மாத்திரை.

செலினுக்குப் போன். "எடுக்க வேணாம், நல்லா இருக்குது" என்று ஆரம்பித்தேன். மாத்திரை என்று சொன்னதும், "இந்தத் தடவையும் நிறுத்திடாதடி" என்றாள்.

6.11, செவ்வாய்

88 ஜூன் தட்டில் என் நம்பருக்கு முன்னும் பின்னும் தேடினேன். அந்த வாரம் கருப்பைச் சுரண்டல் என்னுடையதோடு நான்குதான். மூன்றாவதில் இருந்தார்கள் கன்யாஸ்திரீகள், இருபது வருஷத்தில் வெளுத்துப்போய், ஆனால் வரிசை கலையாமல். பெயர் இல்லை, நம்பர் மட்டும். அவளுக்குக் குழந்தை பிறந்ததா, ஏற்கெனவே எத்தனை பேர், இன்று இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. எங்கேயோ பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவள் உடம்பு அந்த மாதம் செய்த வேலையை நம்பி நான் ஐந்து மாதம் மாத்திரை விழுங்கினேன்.

எடுத்து வைத்துக்கொள்ள ஆசை. அவளுடையதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை. அவளுடையதையும் என்னுடைய இரண்டையும் கழிவுப் பெட்டியில் நானே வைத்தேன். கலா கேட்டாள், "பாத்து முடிச்சிட்டீங்களாக்கா?" முடித்துவிட்டேன் என்றேன்.

8.11, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு. நாத்தனார் வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும்: "எதுக்கு அண்ணி மாத்திரையும் கீத்திரையும்? அதான் வேலை முடிஞ்சிடுச்சே, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நிவியின் அப்பா: "அது அவ உடம்பு. அவ சொல்றதுதான்."

பத்தொன்பது வருஷம் தாமதம். எழுந்து போய் அவருக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.

18.11, ஞாயிறு

பதினான்காவது மாத்திரை. கடைசி. மார்பு கனக்கிறது, காரணமில்லாமல் நிவியிடம் சள்ளென்று விழுந்தேன். "என்னம்மா ஆச்சு உனக்கு?" புரொஜெஸ்டிரோன் ஆயிற்று. சொன்னால் சிரிப்பாள். சொன்னேன். சிரித்தாள்.

இனி காத்திருக்க வேண்டியதுதான்.

21.11, புதன்

மூன்றாம் நாள். காலை ஐந்தே முக்கால். வெளியே இருட்டு, மழை இல்லை.

சொன்னபடி வந்தது.

இருபத்தேழு வயதில் மாதாமாதம் இதைப் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் அழுவேன். இன்று கதவைத் திறந்து கூப்பிட்டேன். "என்னங்க, வந்துடுச்சு!"

அவர் தூக்கக் கலக்கத்தில் சட்டையைத் தேடினார். "யாரு?"

25.11, ஞாயிறு

நின்றுவிட்டது. ஐந்தாம் நாள், தானாகவே.

பீரோ அடித்தட்டிலிருந்து வெளிர் மஞ்சள் புடவை. ஏழெட்டு மாதமாகக் கறை தெரியாத கருப்பும் ஊதாவும்தான் கட்டிக்கொண்டிருந்தேன். மடிப்பில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது, இஸ்திரி போட்டும் போகவில்லை. அதையே கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அவரும் நானும் கடற்கரை. சுண்டல். கூட்டம். ஈரக் காற்று. எட்டு மணிக்கு எழுந்து நடந்தோம். ஸ்கூட்டர் நிறுத்திய இடம் வரை வந்த பிறகுதான் உறைத்தது, எழுந்தபோது நான் பின்னால் புடவையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.